ஆலாத்தீவில் குடியிருப்பவர்

ஆலாத்தீவின் சரித்திரத்தை எழுதச் சொன்னால் ஒரு தபாலட்டை போதும். விலாசம் எழுதவும் இடம் மிஞ்சும். துறைமுக வாயிலுக்கு வெளியே, கிண்ணியாப் பக்கமாகக் கிடக்கும் மூன்று ஏக்கர் கல் அது. ஒல்லாந்தர் வந்து பார்த்து, குடிதண்ணீர் இல்லையென்று அன்றைக்கே திரும்பிப் போனார்களாம். ஆங்கிலேயருக்கு அதே விஷயம் விளங்க நூறு வருஷம் எடுத்தது. யுத்த காலத்தில் பீரங்கி வைப்பதற்கென்று ஒரு கொங்கிறீட் மேடை கட்டினார்கள். பீரங்கி வந்து சேர முதல் யுத்தம் முடிந்துவிட்டது. மேடை மட்டும் இருக்கிறது, அதன்மேல் ஆடுகள் படுத்து அசைபோடுகின்றன.

இயற்கை வளம் என்று பார்த்தால், நாகதாளிப் பற்றை இருக்கிறது. கரையில் இராவணன் மீசை என்ற முட்புல் இருக்கிறது, செருப்பில்லாமல் இறங்கியவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஒரேயொரு பாலை மரம் மாரிக்காற்றுக்குப் பயந்து தரைப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. வைகாசி பிறந்தால் ஆலாப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கி, கூடும் கட்டாமல் குச்சியும் வைக்காமல் வெறுங்கல்லில் முட்டையிடும். முட்டையும் கல்லின் நிறம்தான். ஆடுகள் அதை மிதிக்கும், ஆலாக்கள் ஆடுகளின் முதுகில் கொத்தும். இந்த வழக்கு ஆடுகள் வந்த நாளிலிருந்து நடக்கிறது, தீர்ப்புச் சொல்ல ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை.

ஆடுகள் நேர்ச்சை ஆடுகள். கிண்ணியா, மூதூர்ச் சனங்கள் தீவில் ஒருவரை அடக்கிய கபுறடிக்கு நேர்ந்து கொண்டுபோய் விட்டவை. அவற்றை ஒருவரும் பிடிப்பதில்லை, அறுப்பதில்லை. பட்டினத்துச் சைவச் சனங்களும் சளைத்தவர்கள் இல்லை. யோகலிங்கமாகிய நான் சீனியர் சோதனை பாஸாக வேண்டுமென்று என் அம்மா ஒரு வெள்ளைக் கிடாய் விட்டா. நான் பாஸாகவில்லை. கிடாய் பதினொரு வருஷம் சீவித்து, பேரன் பூட்டன் கண்டுதான் செத்தது.

கபுறடியில் இருப்பவரைத் ‘தீவு அப்பா’ என்பார்கள். அவரைக் கண்டெடுத்தவர் என் சிநேகிதர், கிண்ணியா வள்ளக்காரர் ஸைனுலாப்தீன். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் நானா.

நாற்பத்தொன்பதாம் ஆண்டு தை மாதம், மூன்று நாள் அடைமழை விட்ட காலையில், நானாவும் அவருடைய வாப்பாவும் வலை பார்க்கப் போன இடத்தில் தீவின் கல்லில் ஒரு மையித்து ஒதுங்கிக் கிடந்ததாம். உப்பும் மீனும் முகத்தை ஆரென்று தெரியாமல் ஆக்கியிருந்தன. காற்சட்டைப் பையில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. மஞ்சள் மணிகள் கோத்த ஒரு மாலை, அதன் தலையில் மீன் கீறிய ஒரு சின்ன வெள்ளித் தகடு. நானா அதை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, “வாப்பா, தஸ்பீஹ்” என்றாராம். மணியை உருட்டி இறைவனை எண்ணித் திக்ரு செய்கிற மனிதன் வேறு ஆராக இருக்க முடியும்? எங்கட ஆள்தான் என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

மறுபடியும் மழை பிடித்துக்கொண்டதால் உடலைக் கரைக்குக் கொண்டுபோக ஏலவில்லை. கிண்ணியாவிலிருந்து, நானாவையும் வாப்பாவையும் விட, பள்ளிவாசல் லெப்பையோடு ஒன்பது பேர் இரண்டு வள்ளத்தில் போனார்கள். தீவில் தண்ணீர் இல்லாதபடியால் மையித்தைக் குளிப்பாட்ட நாலு குடம் நல்ல தண்ணீரும், கபன் துணியும் கொண்டுபோனார்கள். தொழுது, மேற்கே முகம் பார்க்க வைத்து அடக்கினார்கள். பொலிஸ் நாலாம் நாள் வந்து, பெயர் தெரியாது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு, இராவணன் மீசை குத்திய காலைத் தடவியபடி திரும்பிப் போனது.

மணிமாலையை நானாவின் வாப்பா எடுத்து வைத்துக்கொண்டார். அது தனக்குச் சொந்தமில்லை, அமானிதம், உரியவன் வந்து கேட்கும்வரை காப்பாற்றிக் குடுக்க வேண்டியது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சாகும்போது மகனுக்கும் அதையே சொல்லிவிட்டுச் செத்தார்.

லெப்பைக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம். அவர் மாலையை வாங்கி எண்ணிப் பார்த்தார், இருபத்து மூன்று மணி. தஸ்பீஹ் என்றால் முப்பத்து மூன்று இருக்கும், இல்லாவிட்டால் தொண்ணூற்றொன்பது இருக்கும். இதில் பத்துக் குறைகிறதே என்றார். இருபத்தாறு வயதில் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட நானா விடுவாரா? பத்து மணி கடலுக்குப் போய்விட்டது என்றார்.

அந்தப் பத்து மணியை வைத்துத்தான் இருபது வருஷமாக நான் அவரைப் படாதபாடு படுத்தினேன். மாலையின் நூல் அறவில்லை. முடிச்சு அவிழவில்லை. நூல் அப்படியே இருக்க மணி மட்டும் எப்படி நானா கழன்று போகும் என்று, வள்ளத்தில் ஏறும்போதெல்லாம் கேட்பேன். கடலுக்கு எல்லாம் ஏலும் என்பார். பட்டினத்து ஆக்களுக்கு அது விளங்காது என்பார். அதற்குமேல் கேட்டால் கூலியைக் கூட்டுவார்.

மாலை நானாவின் மனைவி ரபீக்கா ராத்தாவின் அறையில், சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அமானிதத்தைத் தொடக்கூடாது என்றுதான் முதலில் அவ நினைத்திருந்தா. அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலில் நானா கடலில் அகப்பட்டு மூன்று நாள் தகவலே இல்லை. ஊரெல்லாம் மௌத்துச் செய்தியை எதிர்பார்த்திருக்க, ராத்தா அந்த மாலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவ, எழும்பவில்லை. நாலாம் நாள் நானா நடந்தே வீட்டுக்கு வந்தார், ஈச்சிலம்பற்றைப் பக்கம் கரை ஏறினாராம். அதற்குப் பிறகு மாலை ஆணிக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ராத்தா இருபத்து மூன்று மணியையும் உருட்டுவா, பிறகு இரண்டு கையிலும் பத்து விரலை மடக்கி முப்பத்து மூன்றை நிரப்புவா. அதைப் பார்த்தால் எனக்குக் கேலி வராது. நானாவுக்குத்தான் கேலியெல்லாம்.

எழுபதாம் ஆண்டு ஆடி மாதம், புல்மோட்டையில் கனிய மண் ஏற்ற வந்த ஒரு கிரேக்கக் கப்பல், கடுதாசி வேலைக்காகத் துறைமுகத்துக்குள் வந்து நின்றது. கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் நான் கிளாக்கர். கப்பலின் சமையல்காரர் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பார்க்க வந்தார். பெயர் மனோலிஸ், ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை. அவருடைய ஆங்கிலத்தையும் என்னுடைய ஆங்கிலத்தையும் சேர்த்தால்தான் ஒரு முழு வசனம் வரும். எங்கள் வெங்காயத்தை அவர் மணந்து பார்த்த விதத்தில் நான் கொஞ்சம் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் கதிரையில் உட்கார்ந்து, சிகரெட்டைப் பற்றவைத்து, காற்சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் மணிமாலையை எடுத்துச் சுழற்றத் தொடங்கினார். டக், டக் என்று மணியோடு மணி மோதியது. என் கோபம் எங்கே போனதென்று தெரியாது.

அது செபம் செய்கிற மாலையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். செபமா? சும்மா. கை சும்மா இராமல் இருக்க. அவருடைய ஊரில் ஆம்பிளைகள் கோப்பிக் கடையில் குந்தியிருந்து இதைத்தான் உருட்டுவார்களாம். பெண்சாதியோடு சண்டை பிடிக்காமல் இருக்கவும் நல்லதாம். எத்தனை மணி என்று கேட்டேன். இருபத்து மூன்று என்றார். அதுவும் சும்மாதான், உள்ளங்கைக்கு அடங்குகிற அளவு.

மாலையின் தலையில் ஒரு வெள்ளித் தகடு இருந்தது. தகட்டில் ஆணியால் கீறிய ஒரு மீன். நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவர் தானாகவே சொன்னார். தகப்பன் இரண்டு மகன்மாருக்கும் ஒரே நாளில் இரண்டு மாலை வாங்கி, இரண்டிலும் மீன் கீறிக் கொடுத்தாராம். தம்பி பாந்தெலிஸ், இருபத்திரண்டு வயது. நாற்பத்தொன்பதில் கல்கத்தாவிலிருந்து கொழும்புக்குப் போன கப்பலில், இந்தக் கடலில் எங்கேயோ, புயலுக்குள் தவறி விழுந்தான். கப்டன் கொப்பியில் எழுதிவிட்டுக் கப்பலை விட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரும்போதெல்லாம், ஏதாவது துறைமுகத்தில் பெயர் தெரியாத ஆளை அடக்கிய கிடங்கு ஏதும் உண்டா என்று கேட்டுப் பார்ப்பாராம். அம்மா செத்துப் போகும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாவாம். அவன் செத்ததைவிட, அவனுக்கு ஒரு வார்த்தையும் ஓதாமல் விட்டதுதான் தாங்கவில்லை என்று.

ராத்தாவின் மாலையிலும் அதே மீன்தான். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தீவு அப்பா என்று ஊரே நேர்ந்துகொள்ளும் கபுறடி, கோப்பிக் கடையில் மணி உருட்டும் ஒரு கிரேக்கப் பெடியனுடையதாகிவிடும். அப்பாவைக் கண்டெடுத்த ஸைனுலாப்தீன், ஊர் முழுக்கச் சிரிக்க, ஆள் தெரியாமல் அடக்கிய ஸைனுலாப்தீன் ஆகிவிடுவார். எலும்பைத் தோண்டிக்கொண்டு போகவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரியவன் வந்துவிட்டான் என்றால் ராத்தாவின் கையிலிருக்கும் மாலை போய்விடும். சொல்லாவிட்டால், என் முன்னால் சிகரெட்டை அணைத்துவிட்டு உருளைக்கிழங்குக்கு விலை கேட்கிற இந்த மனிதன் நாளன்றைக்குப் புல்மோட்டைக்குப் போய், மண்ணேற்றிக்கொண்டு, இன்னும் இருபது வருஷம் துறைமுகம் துறைமுகமாகக் கேட்டுத் திரிவான்.

வீரமுள்ளவன் என்றால் இரண்டிலொன்று செய்திருப்பான். நான் மூன்றாவதைச் செய்தேன். பக்கத்தில் ஒரு தீவு இருக்கிறது, ஆடெல்லாம் உண்டு, நாளைக் காலை பார்க்கப் போவோமா என்று மனோலிஸிடம் கேட்டேன். ஒரு வெள்ளைக்காரருக்குத் தீவு பார்க்க வேணுமாம் என்று நானாவிடம் சொல்லி அனுப்பினேன். இரண்டு பேரையும் ஒரு வள்ளத்தில் ஏற்றிவிட்டு, மிச்சத்தை நடக்கிறபடி நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்குக் கடல் தட்டையாகக் கிடந்தது. நானா சுக்கானைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு இருந்தார், மனோலிஸ் முன்னுக்கு, நான் நடுவில். துறைமுக வாயில் கடக்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை. நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அப்போதுதான் மனோலிஸ் சிகரெட்டைப் பற்றவைத்து மாலையை எடுத்தார்.

நானாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டா தஸ்பீஹ் உருட்டுகிறது, இதென்ன பழக்கம் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார். வெள்ளித் தகட்டில் வெயில் பட்டுப் பட்டுத் திரும்பியது. நானா அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் வள்ளம் மூதூர்ப் பக்கம் திரும்பிவிட்டது.

“தம்பி,” என்றார் நானா. “அதில மீன் கீறி இரிக்கா?”

“ஓம் நானா.”

“எத்தின மணி எண்டு கேளுங்க.”

“கேட்டனான். இருபத்து மூண்டு.”

அவர் வள்ளத்தை நேராக்கினார். அவர் எங்கட ஆளா என்று கேட்டார். இல்லையென்றேன். இந்த மணி என்னத்துக்காம் என்று கேட்டார். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மனோலிஸுக்குத் தமிழ் தெரியாது, நானாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நடுவில் இருந்த நான் எதைச் சொன்னாலும் அதுதான் செய்தி. ஆனால் இருபது வருஷம் கேலி செய்த வாய்க்கு அந்த நேரம் பார்த்துப் பொய் வரவில்லை. கை சும்மா இராமல் இருக்கவாம் நானா என்றேன். கடலில் விழுந்த தம்பியின் கதையையும் சொன்னேன், தாய் சொன்னதையும் சொன்னேன்.

“எல்லாம் தெரிஞ்சுதான் கூட்டி வந்திரிக்கீங்க,” என்றார். “எனக்கிட்டச் சொல்லல்ல.”

நான் கடலைப் பார்த்தேன். அவர் என்னைத் தண்ணீருக்குள் தள்ளியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

தீவில் இறங்கியதும் ஆலாக்கள் எழும்பித் தலைக்கு மேலே கத்தின. மனோலிஸ் கல்லையும் பற்றையையும் ஆடுகளையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய ஊருக்கு முன்னால் இதேமாதிரி ஒன்று கிடக்கிறதாம். தண்ணீர் இல்லை, ஆள் இல்லை, கொஞ்ச ஆடு, நிறையக் கடற்பறவை, வெள்ளையடித்த ஒரு சின்னக் கோயில். அதற்கும் எத்தனையோ அரசாங்கம் வந்து, பார்த்து, திரும்பிப் போயிருக்கிறது. வருஷத்தில் ஒருநாள் ஊரார் எல்லோரும் வள்ளங்கட்டிப் போய், விளக்கு வைத்து, கும்பிட்டு, ஆடு சுட்டுத் தின்றுவிட்டு வருவார்களாம். நான் நானாவுக்குச் சொன்னேன்.

நானாவுக்கு மற்றதெல்லாம் பிடித்திருந்தது. தீவு ஆட்டைத் தின்பார்களா என்பதை மட்டும் இரண்டு தரம் கேட்டார். தின்பார்களாம் என்று உறுதிப்படுத்தினேன். பாவம் என்றார், ஆடுகளையா கிரேக்கரையா என்று சொல்லவில்லை.

பிறகு அவரே முன்னால் நடந்தார். நான் கைகூடக் காட்டவில்லை. கொங்கிறீட் மேடையைச் சுற்றி, பாலை மரத்தின் கீழே போனார். அங்கே நீளவாக்கில் வரிசையாக வைத்த வெள்ளைக் கற்கள், தலைமாட்டில் ஒரு மீசான் கல், வெயிலில் வெளுத்துப்போன ஒரு பச்சைத் துணி. என் அம்மா போன வருஷம் வைத்த சிட்டி விளக்கும் ஓரமாகக் கிடந்தது.

“சொல்லுங்க தம்பி,” என்றார் நானா. “இதுதான் எண்டு சொல்லுங்க. வெள்ளித் தகட்டில மீன் கீறின மால ஒண்டு என்ட ஊட்ட இரிக்கி எண்டும் சொல்லுங்க.”

சொன்னேன். மனோலிஸ் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலில் இராவணன் மீசை குத்தியிருக்க வேண்டும், அவர் கவனிக்கவில்லை. நெடுநேரம் கற்களையே தடவிக்கொண்டிருந்தார். சிலுவை போட்டார். நானா கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு கையையும் ஏந்தினார். நான் எதையும் செய்யத் தெரியாமல் விளக்கை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

கடைசியில் மனோலிஸ் ஒரு கேள்வி கேட்டார். நான் அதைத் தமிழில் நானாவிடம் சொன்னேன்.

“அவனுக்கு ஆராவது ஏதாவது ஓதினவையோ எண்டு கேக்கிறார் நானா.”

“ஓதாம? பதினொரு பேர் வரிசையில நிண்டு தொழுதம். மழைக்குள்ள. கிண்ணியாவில இரிந்து தண்ணி கொண்டு வந்து குளிப்பாட்டினம்.” நானா குரலைத் தாழ்த்தினார். “ஆனா எங்கட முறையில செஞ்சி போட்டம். எங்கட ஆள் எண்டுதான் நினச்சம். அதுக்கு மன்னிக்கச் சொல்லுங்க.”

எந்த முறை என்பதை மனோலிஸ் காதில் வாங்கவேயில்லை. தண்ணீர் கொண்டுவந்தார்களா என்று திரும்பவும் கேட்டார். எத்தனை குடம் என்று கேட்டார். நாலு என்று நானா விரலைக் காட்டினார். தண்ணீரில்லாத தீவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு நாலு குடத்தின் அருமை தெரியும். அவர் நானாவின் கையைப் பிடித்து, அந்த நாலு விரலையும் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதார்.

தம்பியைக் கொண்டுபோகப் போகிறாரா என்று நான்தான் கேட்டேன், கேட்காமலிருக்க முடியவில்லை. மனோலிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்க்க வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். மேற்கே என்றேன். எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான், பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்றார். இதற்கிடையில் என் அம்மாவின் கிடாய்க்குப் பூட்டன் முறையான ஒன்று அவருடைய சிகரெட் பக்கெட்டைத் தின்று முடித்திருந்தது. நேர்ச்சை ஆடென்று நான் அதற்கு அடிக்கவில்லை.

வள்ளம் நேரே கிண்ணியாவுக்குப் போனது. வழியெல்லாம் நானா யோசனையில் இருந்தார். ஊர் சிரிப்பதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. ராத்தாவிடம் எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் எங்களை முன்னறையில் இருத்திவிட்டுக் குசினிக்குள் போனார். உள்ளே மெல்லிய குரலில் கதை கேட்டது.

ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவடியில் வந்து நின்றா. கையில் மாலை. கண் சிவந்திருந்தது, குரல் தளரவில்லை.

“அமானிதம் தம்பி. மாமா சொன்ன சொல்லு. உரியவர் வந்தா குடுக்கத்தானே வேணும்.” மாலையை என் கையில் தந்தா. “இத நான் பாவிச்சிப் போட்டன் எண்டு சொல்லுங்க. பொறுத்துக்கச் சொல்லுங்க.”

மனோலிஸ் மாலையை வாங்கித் தகட்டைத் தடவினார். தம்பியின் மணிகள் பவுன் நிறமாக மினுங்கின. அவருடைய மணிகளோ பழைய பல்லைப் போல மங்கிக் கிடந்தன. இதை இவ்வளவு மினுக்கியது ஆர் என்று கேட்டார். ராத்தா ஒரு நாளில் ஐந்து முறை உருட்டுவா என்று சொன்னேன். கிரேக்க தேசத்தில் இது சும்மா உருட்டுகிற மணி என்ற உண்மையையும், இனி மறைத்து என்ன என்று, ராத்தாவுக்குச் சொல்லிவிட்டேன்.

“சும்மா இரிந்த மணிதானே,” என்றா ராத்தா. “நான் அதுக்கு வேல குடுத்தன். அதில என்ன குத்தம்?”

அதை மொழிபெயர்த்தபோது மனோலிஸ், அழுத பிறகு முதன்முறையாக, சத்தமாகச் சிரித்தார். பிறகு, சொல்லாமல் இருக்க ஏலாமல், அந்தப் பத்து மணியின் கதையையும் சொன்னேன். முப்பத்து மூன்று இருக்க வேண்டியது, பத்துக் கடலுக்குப் போய்விட்டதாக நானா இருபத்தொரு வருஷமாகச் சொல்லி வருகிறார், நூல் அறாமல் போன மணிகள். ராத்தா விரல் மடக்குவதையும் சொன்னேன். நானா என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

மனோலிஸ் சிரிக்கவில்லை. தம்பியின் மாலையை மேசையில் வைத்தார். தன் மாலையை எடுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, மணிகளைக் கழற்றினார். பத்தை ஒவ்வொன்றாக எண்ணி ஒரு பக்கம் வைத்தார். பிறகு தம்பியின் மாலையையும் அவிழ்த்து, அந்தப் பத்தையும் அதில் கோத்து, கப்பற்காரன் முடிச்சொன்று போட்டு, இரண்டு கையாலும் ராத்தாவிடம் நீட்டினார். மிஞ்சியதைத் தன் நூலில் முடிந்து பைக்குள் போட்டுக்கொண்டார். சிகரெட் பிடிக்க இது போதும் என்றார்.

ராத்தா வாங்கவில்லை. நானாவைப் பார்த்தா. நானா தலையை ஆட்டிய பிறகுதான் கையை நீட்டினா. அமானிதம் அன்றைக்கு உரியவன் கையில் போய், உரியவன் கையாலேயே திரும்பி வந்தது. பளபளக்கும் இருபத்து மூன்றுக்குப் பக்கத்தில் மங்கலான பத்தும் தனியாகத் தெரிந்தன.

மனோலிஸை ஜெற்றியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் நானா வாயைத் திறந்தார்.

“பாத்தீங்களா தம்பி. கடலுக்குப் போனதெண்டு சொன்னன். கடலால திரும்பி வந்திரிக்கி.”

இருபது வருஷத்தில் முதல்தடவையாகக் கேலி செய்வது அவருடைய முறை. அவர் அதை நன்றாக அனுபவித்தார்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது, ஒரு மாதம் போல. லெப்பை எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். ஆனால் அடுத்த ஆனியில் வழக்கம்போல நேர்ச்சை வள்ளங்கள் ஆலாத்தீவுக்குப் போயின. ஆடுகளும் போயின. இரண்டு வருஷத்துக்கு ஒருக்கால் கிரேக்க முத்திரையோடு ஒரு கடிதம் கடை விலாசத்துக்கு வரும். என் ஆங்கிலத்தை அவரும் அவருடையதை நானும் சமாளித்துக்கொள்வோம். அவருடைய ஊர்ச் சனங்கள் அங்கேயும் ஓர் ஆட்டை அறுக்காமல் விட்டிருக்கிறார்களாம், தீவில் ஒன்று நரைத்துப்போய்த் திரிகிறதாம். நானா அதைக் கேட்டு மிகவும் திருப்திப்பட்டார்.

போன கிழமை நானாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அசர் தொழுதுவிட்டு ராத்தா பாயில் இருந்தா. மங்கலாயிருந்த பத்தும் இப்போது மினுங்கத் தொடங்கிவிட்டன, எது எதென்று தூரத்திலிருந்து தெரியாது. முப்பத்து மூன்றையும் உருட்டி முடித்தா. பிறகு மாலையை மடியில் வைத்துவிட்டு, பழையபடி பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கினா.

எனக்குப் பொறுக்கவில்லை. ராத்தா, இப்ப கணக்குச் சரியாயிற்றே, விரலுக்கு ஏன் இன்னும் வேலை என்று கேட்டேன்.

“எனக்குச் சரி தம்பி,” என்றா. “அந்த மனிசனுக்குப் பத்துக் குறையுதே.”